நல்ல பெயரைத் தொலைத்தவன்

அன்புள்ள நண்பருக்கு,

1936-ல் வந்த 'புல்லட்ஸ் ஆர் பேலட்ஸ்' படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. "போலீஸ்காரர் நல்லவர், தாதா கெட்டவன், கடைசியில் நீதி ஜெயிக்கிறது. இது காவல்துறைக்கு எடுத்த விளம்பரப் படம்தானே? இதைப் போய் ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. முழுதாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். நீங்கள் அந்தப் படத்தில் ஹம்ப்ரி போகார்ட்டின் துப்பாக்கியைப் பார்த்த அளவுக்கு ஜோன் பிளான்டெலின் முகத்தைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். படம் அந்த முகத்தில்தான் இருக்கிறது.

விளம்பரம் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1931, 32-ல் 'லிட்டில் சீசர்', 'தி பப்ளிக் எனிமி', 'ஸ்கார்ஃபேஸ்' என்று வரிசையாக வந்த படங்களில் தாதாதான் நாயகன். கடைசியில் அவன் செத்தாலும் அதுவரை திரை முழுக்க அவன் ராஜ்யம். இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று தேவாலயங்களும் பெண்கள் அமைப்புகளும் கொதித்தன. 1930-லேயே எழுதி வைத்திருந்த தணிக்கை விதிகளை 1934 ஜூலையிலிருந்து ஜோசப் பிரீன் என்பவர் கறாராக நடைமுறைப்படுத்தத் தொடங்கினார். அவருடைய முத்திரை இல்லாமல் பெரிய ஸ்டுடியோ படம் எதுவும் அரங்குக்குப் போக முடியாது என்ற நிலை வந்தது. வார்னர் பிரதர்ஸுக்குக் கையில் இருந்த சரக்கே துப்பாக்கியும் காரும் கோட்டும்தான். அதை விட்டுவிட மனமில்லாமல், அந்தத் துப்பாக்கியை எடுத்துப் போலீஸ்காரர் கையில் கொடுத்தார்கள். 'பப்ளிக் எனிமி'யில் ரவுடியாக நடித்த ஜேம்ஸ் காக்னி 1935-ல் 'ஜி மென்' படத்தில் எஃப்.பி.ஐ. அதிகாரி ஆனார். அதை இயக்கிய வில்லியம் கீலிதான் அடுத்த ஆண்டு, நீங்கள் பார்த்த இந்தப் படத்தில், 'லிட்டில் சீசர்' நாயகன் எட்வர்ட் ஜி. ராபின்சனை ஜானி பிளேக் என்ற துப்பறியும் அதிகாரி ஆக்கினார்.

அப்படியானால் வெறும் சட்டை மாற்றம்தானே என்பீர்கள். இல்லை. காக்னி ரவுடிக் கூட்டத்தை வெளியே நின்று சுட்டார். ராபின்சனை அந்தக் கூட்டத்துக்குள்ளேயே அனுப்பினார்கள். அந்த ஒரு முடிவில்தான் விளம்பரப் படமாக முடிந்திருக்க வேண்டியது நாடகமாகிவிட்டது. ஐந்து வருடங்களுக்கு முன் 'லிட்டில் சீசர்' தாதா ரிக்கோவாக நடித்து அமெரிக்கா முழுவதையும் மிரளவைத்த அதே முகம் இப்போது தாதாவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறது. அன்றைய பார்வையாளர் மனத்தில் ஒரு நொடியாவது 'இவன் நிஜமாகவே மாறிவிட்டானோ' என்ற சந்தேகம் எழுந்திருக்கும். ராபின்சனோ நிஜ வாழ்க்கையில் மென்மையான மனிதர், ருமேனியாவின் புக்காரெஸ்ட்டில் பிறந்து சிறுவனாக நியூயார்க் வந்தவர், ஓவியங்கள் சேகரித்தவர். 'லிட்டில் சீசர்' படப்பிடிப்பில் துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று இமைகளில் டேப் ஒட்டிப் படம் எடுத்தார்கள்.

இனி கதை நடக்கும் அந்த நியூயார்க்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிந்துவிட்டது. கள்ளச் சாராயத்தில் கொழித்த கூட்டங்களுக்கு வேறு வருமானம் தேவைப்பட்டது. உணவகங்கள், லாரிகள், சலவைக் கடைகள், காய்கறி மொத்தச் சந்தை என்று ஒவ்வொரு தொழிலிலும் 'சங்கம்' என்ற பெயரில் நுழைந்து மாமூல் வசூலித்தார்கள். கொடுக்காதவன் கடைக் கண்ணாடி உடையும். ஆர்ட்டிசோக் என்ற காயின் வியாபாரம் முழுவதையும் ஒரே கும்பல் வளைத்துப் பிடித்திருந்தது. அந்தப் பிடியை உடைக்க, 1935 டிசம்பரில் மேயர் லா கார்டியா விடிகாலையில் பிராங்க்ஸ் சந்தைக்கே போய் நின்று நகரத்தில் ஆர்ட்டிசோக் விற்பனைக்குத் தடை போட்டார். சில நாள்களில் விலை இறங்கியது, தடையும் போயிற்று. ஒரு காய்க்குத் தடை போடும் அளவுக்கு ஒரு மாநகரம் தள்ளப்பட்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த 1935-ல்தான் தாமஸ் டியூயி சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். டச்சு ஷுல்ட்ஸ் என்ற தாதா அவரைக் கொன்றே தீருவது என்று துடித்தான். அப்படி ஒரு பெரிய மனிதரைக் கொன்றால் ஊரே தங்கள்மீது பாயும் என்று அஞ்சிய மற்ற தாதாக்கள் அக்டோபரில் நூவர்க் நகர உணவகம் ஒன்றில் ஷுல்ட்ஸையே தீர்த்துக்கட்டினார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. படத்தில் போகார்ட் நடித்த ஃபென்னர், ஊழலை எதிர்த்து எழுதும் பத்திரிகை அதிபரைச் சுட்டதும் அவனுடைய தலைவர்களே அவன்மேல் எரிந்து விழுகிறார்கள் இல்லையா? அந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று அன்றைய நியூயார்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கதை எழுதிய மார்ட்டின் மூனி நியூயார்க் பத்திரிகையாளர். சூதாட்டக் கும்பல்கள் பற்றி எழுதினார். தகவல் தந்தவர் யார் என்று கிராண்ட் ஜூரி கேட்டபோது வாய் திறக்க மறுத்துச் சிறைக்குப் போனார். அவருடைய மேல்முறையீட்டை 1936-ல் மாநில உச்சநிலை நீதிமன்றமும் தள்ளிவிட்டது. காட்டிக்கொடுக்க மறுத்துச் சிறை சென்ற ஒருவர், காட்டிக்கொடுப்பதையே கடமையாக ஏற்ற ஒருவனைப் பற்றி எழுதிய கதை இது. எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம், இதில் விளம்பரத்தை மீறிய ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு.

படத்தின் நடுவே வரும் நம்பர் சூதாட்டத்தை நீங்கள் கவனிக்காமல் தாண்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் ஜானி பிளேக்கைப் புரிந்துகொள்ள முடியாது. நம் ஊர்ச் செய்திகளில் மூணு நம்பர் லாட்டரி என்று படிக்கிறோமே, ஏறக்குறைய அதுதான். 000 முதல் 999 வரை ஒரு எண்ணைச் சொல்லிச் சில்லறைக் காசு கட்டலாம். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. விழுந்தால் கிடைப்பது வழக்கமாக 600 மடங்கு. ஆயிரம் எண்களுக்கும் ஆளுக்குப் பத்து சென்ட் கட்டினால் வருவது 100 டாலர், போவது 60 டாலர். தெருத் தெருவாகப் போய் வசூலிப்பவர்களின் கமிஷன் போக மிச்சமெல்லாம் நடத்துபவருக்கு. யாரும் கைவைக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும் என்பதற்காக முதலில் வங்கிகளின் தினசரித் தீர்வுக் கணக்கிலிருந்தும், பிறகு குதிரைப் பந்தய மைதானத்தின் பந்தயத் தொகையிலிருந்தும் அந்த மூன்று இலக்கங்களை எடுத்தார்கள். (பம்பாயின் மட்கா சூதாட்டமும் தொடக்கத்தில் நியூயார்க் பருத்திச் சந்தையின் விலையை வைத்துத்தான் நடந்தது.) ஷுல்ட்ஸ் அதிலும் புகுந்தான். அவனுடைய கணக்குப்பிள்ளை ஓட்டோ பெர்மன், பந்தய மைதானத்தில் கடைசி நேரத்தில் பணத்தைக் கட்டி, ஜனங்கள் அதிகமாகக் கட்டியிருக்கும் எண் விழாமல் பார்த்துக்கொண்டார். ஷுல்ட்ஸ் சுடப்பட்ட அதே இரவில் அதே உணவகத்தில் பெர்மனும் சுடப்பட்டார்.

படத்தில் அந்தச் சூதாட்டத்தைப் பிராங்க்ஸில் நடத்துபவள் லீ மார்கன், அதாவது ஜோன் பிளான்டெல். ஹார்லெமில் அவளுக்குக் கூட்டாளி நெல்லி. நடித்தவர் லூயிஸ் பீவர்ஸ். சட்டப்படி குற்றம்தான். ஆனால் அந்தப் பெண்கள் யாரையும் அடிப்பதில்லை, கடையை உடைப்பதில்லை, விழுந்த எண்ணுக்குப் பணத்தை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள். ஜானிக்கும் லீக்கும் நடுவே நெடுநாள் பழக்கம், சொல்லாத ஒரு பிரியம்.

இப்போது ஜானி செய்வதைப் பாருங்கள். புதிதாக வந்த போலீஸ் கமிஷனர் மெக்லாரன் அவனை ஊரறிய வேலையிலிருந்து தூக்குகிறார். பிறகு பலர் பார்க்க ஜானி அவரைக் குத்துகிறான். எல்லாம் ஏற்பாடு, இருவருக்கு மட்டுமே தெரியும். குரூகர் என்ற தாதா அவனைச் சேர்த்துக்கொள்கிறான். ஆனால் சேர்த்துக்கொண்டால் போதுமா? நம்ப வேண்டுமே. போலீஸ் சோதனைகளால் கூட்டத்தின் வருமானம் வற்றும் வேளையில் ஜானி ஒரு வழி சொல்கிறான்: சில்லறைக் காசில் ஒரு பெரும் புதையல் கிடக்கிறது, அந்த நம்பர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது லீயின் பிழைப்பை எடுத்துத் தாதாவின் கையில் காணிக்கையாக வைக்கிறான். அவளிடம் அதற்கு ஒரு சொல் விளக்கம் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை.

எதிரியின் நம்பிக்கைக்கு அவன் கொடுத்த விலை லீயின் பிழைப்பு. இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். வேவுக் கதைகளில் 'மாட்டிக்கொள்வானா' என்ற பதைப்பைத்தான் பெரும்பாலானோர் பார்க்கிறோம். அது மேல்மட்டம். அடியில் ஓடுவது வேறு: வேடம் எதிரியிடம் எடுபட வேண்டுமானால் முதலில் வேண்டியவர்களிடம் எடுபட வேண்டும். ஜானியைத் தெரிந்தவர்கள் அவனைத் துப்பினால்தான் குரூகர் அவனைத் தழுவுவான். நண்பர்களின் வெறுப்பு எவ்வளவு உண்மையோ அவ்வளவு பத்திரம் அவனுக்கு. லீ அவனைப் பார்க்கும் பார்வையில் நடிப்பு கலந்திருந்தால் அவன் உயிர் போய்விடும். ஆகவே அவள் நிஜமாகவே நொறுங்க வேண்டியிருக்கிறது. அதை அவன் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள், இதுவே படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம். ஜானி கெட்டுப்போனான் என்று ஊர் நம்புகிறது. போலீஸ் நண்பர்கள் நம்புகிறார்கள். நேசித்த பெண் நம்புகிறாள். கமிஷனர் ஒருவரைத் தவிர, கடைசிவரை நம்ப மறுப்பவன் அவனைக் கொல்லத் துடிக்கும் ஃபென்னர் மட்டும்தான். 'இவன் விலைபோகிற ஆள் இல்லை' என்று அவனுடைய நேர்மைக்கு அந்தக் கதையில் சாட்சி சொல்லும் ஒரே வாய் எதிரியின் வாய். போகார்ட் அப்போது இன்னும் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. அதே ஆண்டு வந்த 'தி பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட்' படத்தால்தான் கவனம் பெற்றிருந்தார். ஆனாலும் அந்தச் சந்தேகத்தை அவர் கண்ணில் வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். வெறும் பொறாமை என்று எண்ணிவிடத் தோன்றும். எனக்கு அதில் ஒரு மரியாதையும் தெரிகிறது.

குரூகரையும் விட்டுவிடக் கூடாது. பார்டன் மக்லேன் அவனை வெறும் முரடனாக நடிக்கவில்லை. படத்தின் தொடக்கத்தில் குரூகரும் ஃபென்னரும் ஒரு திரையரங்குக்குப் போய்த் தங்களைப் பற்றிய குற்றச் செய்திப்படத்தையே உட்கார்ந்து பார்க்கிறார்கள். பழைய நாளிலிருந்தே ஜானியின் நேர்மையை மதித்தவன் குரூகர். அந்த மதிப்பில் நம்புகிறான், கூட்டத்தில் இடம் தருகிறான், கடைசியில் ஃபென்னர் கையால் சாகிறான். தன்னை நம்பிய ஒருவனை ஏமாற்றுவது, அவன் தாதாவாகவே இருந்தாலும், ஏமாற்றுபவன் மனத்தை என்ன செய்யும்? 1936-ல் கீலி இந்தக் கேள்வியின் வாசல்வரைதான் போகிறார்.

குறைகளும் உண்டு, அவற்றில் நான் உங்கள் பக்கம். இந்தக் கூட்டத்துக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் ஊர் மதிக்கும் வங்கி முதலாளிகள் என்று காட்டியது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். பொருளாதார வீழ்ச்சியில் வங்கிகள் மூழ்கிச் சேமிப்பைத் தொலைத்த ஜனங்கள் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அந்தப் பெரிய மனிதர்களைப் படம் மேலோட்டமாகவே காட்டுகிறது. கடைசியில் ஒரு கதவு திறக்கிறது, பிடிபடுகிறார்கள், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய குறை நெல்லி. வங்கிகள் கடன் தராத ஹார்லெமில், நம்பர் ஆட்டம் கறுப்பின மக்கள் பலருக்கு வேலையும் முதலும் தந்த ஒரு தொழிலாக இருந்தது. மேடம் செயின்ட் கிளேர் என்ற பெண்மணி அங்கே அதை நடத்தி ஷுல்ட்ஸை நேருக்கு நேர் எதிர்த்து நின்றிருக்கிறார். அப்படிப்பட்ட வரலாறு பின்னால் இருக்க, லூயிஸ் பீவர்ஸ் போன்ற ஒரு நடிகைக்குச் சில காட்சிகளும் சிரிப்பும் மட்டும் கொடுத்தது அநியாயம். ஜானியின் வேடத்துக்கு விலை கொடுத்தவர்களில் நெல்லியும் ஒருத்தி. அவள் என்ன ஆனாள் என்று படம் கேட்கவே இல்லை.

முடிவு வேகமாக வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கட்டில் ஃபென்னரும் ஜானியும் ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள். ஃபென்னர் அங்கேயே சாகிறான். ஜானி குண்டைச் சுமந்துகொண்டு, தனக்கு மட்டும் திறக்கும் அந்தக் கதவுவரை போகிறான். அது திறந்தால்தான் பின்னால் வரும் போலீஸ் உள்ளே நுழைய முடியும். நீங்கள் இதை வீரச்சாவு என்று படித்திருக்கிறீர்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். அவனுக்குத் திரும்பிப் போக இடமில்லை. இனி எந்தத் தெருவில் நடந்தாலும் பாதிப் பேருக்கு அவன் விலைபோன போலீஸ்காரன், மீதிப் பேருக்குக் காட்டிக்கொடுத்தவன். கதாசிரியருக்கு அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தத் தெரியாமையிலும் ஓர் உண்மை இருக்கிறது.

கீலி நின்றுவிட்ட அந்தக் கேள்வியின் வாசலைத் தாண்டி உள்ளே போன படங்கள் பிறகுதான் வந்தன. 1947-ல் ஆன்டனி மான் இயக்கி, ஜான் ஆல்டன் ஒளிப்பதிவு செய்த 'டி-மென்'. கள்ள நோட்டுக் கும்பலுக்குள் கருவூலத் துறை அதிகாரிகள் இருவர் புகுகிறார்கள். சந்தையில் ஒரு காட்சி வரும். இளைய அதிகாரி, கும்பலின் ஆளோடு நடந்து வருகிறான். எதிரே அவனுடைய மனைவியும் அவளுடைய தோழியும். தோழி அடையாளம் கண்டு பேச வருகிறாள். மனைவி ஒரு கணத்தில் நிலைமையைப் புரிந்துகொண்டு, 'இவர் என் கணவர் இல்லை' என்கிறாள். ஆனாலும் சந்தேகம் விழுந்துவிடுகிறது. அவன் பிறகு சுட்டுக் கொல்லப்படுகிறான். அதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் கூட்டாளியின் முகத்தில் ஒரு தசைகூட அசையக் கூடாது. அசைந்தால் அவனும் தீர்ந்தான். அந்தப் படத்துக்கு முன்னுரை சொல்லித் திரையில் தோன்றுபவர் எல்மர் ஐரி. தாதா அல் கபோனை 1931-ல் வரி ஏய்ப்பு வழக்கில் 11 ஆண்டு சிறைக்கு அனுப்பிய விசாரணைப் பிரிவின் தலைவர். அவருடைய ஆள் மைக்கேல் மலோன், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தப்பி வந்த குற்றவாளி போல, கபோன் குடியிருந்த சிகாகோ லெக்சிங்டன் ஓட்டலில் வேறு பெயரில் தங்கி அவன் ஆட்களோடு சீட்டாடிப் பழகியவர். இதெல்லாம் சினிமாக்காரர் கற்பனை மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கீலியும் விட்டுவிடவில்லை. 1948-ல் 'தி ஸ்ட்ரீட் வித் நோ நேம்' என்று இதே விஷயத்துக்குத் திரும்பி வந்தார். ஆனால் குரூகரிடம் பாதியில் நின்ற கேள்விக்கு ரத்தம் கொடுத்தது அடுத்த ஆண்டு ரவுல் வால்ஷ் எடுத்த 'வைட் ஹீட்'. காக்னி நடித்த கோடி ஜாரெட் சித்தம் கலங்கிய கொலைகாரன். தாயைத் தவிர உலகில் யாரையும் நம்பாதவன். தாய் செத்த பிறகு அவளுக்குக் கொடுத்த சரிபாதிப் பங்கைச் சிறையில் பழகிய நண்பனுக்குத் தருகிறான். அந்த நண்பன்தான் போலீஸ்காரன். உண்மை தெரிந்ததும் ஜாரெட் சிரிக்கவும் அழவும் செய்கிற அந்த இடத்தில், அத்தனை கொலைகளையும் பார்த்த நமக்கே ஒரு கணம் நெஞ்சு அந்தக் கொலைகாரன் பக்கம் சாய்கிறது. கடமை சரிதான். அதைச் செய்தவன் அன்றிரவு எப்படித் தூங்கினான் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

ராபின்சனைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1950 முதல் 52 வரை அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரைக் கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றி மீண்டும் மீண்டும் விசாரித்தது. அவர்மேல் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் பெயர் கெட்டது, நல்ல வேடங்கள் நின்றன, பெயரை மீட்கத் தானே கேட்டுக்கொண்டு போய்ச் சாட்சிக் கூண்டில் நின்றார். ஜானி பிளேக்காவது தெரிந்தே, ஒரு காரியத்துக்காக நல்ல பெயரைக் கழற்றி வைத்தவன். இவருடையதைப் பிடுங்கினார்கள். 1956-ல் 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தில் சிசில் பி. டிமில் வாய்ப்புத் தந்த பிறகே பெரிய படங்கள் திரும்பின. 1973-ல் கௌரவ ஆஸ்கர் அறிவித்தார்கள். விழாவுக்கு முன்பே ஜனவரியில் போய்விட்டார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். படத்தை இன்னொரு முறை பாருங்கள். இம்முறை ஜானியை விட்டுவிட்டு லீயை மட்டும் பின்தொடருங்கள். நம்பர் ஆட்டம் கைமாறியது தெரிந்த பிறகு அவள் அவனிடம் பேசும் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பிறகு 'டி-மென்', அதன் பிறகு 'வைட் ஹீட்'. மூன்றையும் பார்த்துவிட்டு, வேவுக்காரனை மன்னிக்க வேண்டியவர் யார் என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். விளம்பரப் படம் என்ற உங்கள் வாதத்தை அப்போதும் கைவிடவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்